அருவியின் கீழே நிற்பவன் எதைக் காட்டுகிறான்?

அச்சுக்கு முந்தைய வேலை நடக்கிற பிரீபிரஸ் அறையில், நிறம் ஒப்பிடுகிற லைட் பூத்துக்குப் பக்கத்து ஜன்னலோரமாக, கண்ணாடி போடாமல் ஒரு அருவிப் படம் மாட்டியிருக்கிறதல்லவா, அதைப் பற்றித்தான் இது. நான் ஓய்வு பெற்ற அன்று, கேக் வெட்டிய கையோடு உங்களில் ஒருவர் கேட்டார்: "மேடம், அதுக்கு மட்டும் ஏன் கண்ணாடி போடல? சார்ஜாவில தூசிக்கா பஞ்சம்?" நல்ல கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல ஒரு முழு மத்தியானம் வேண்டும், அன்றைக்குப் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. இப்போது இதே சார்ஜாவில், ரோலா பக்கம், வீட்டில் சும்மாதான் இருக்கிறேன். எழுதிவிடுகிறேன். நீங்கள் புதிதாக வந்தவர்கள், இதைத் தெரிந்துகொண்டால் உங்களுக்கு நல்லது.

நான் வேலை பழகியது சிவகாசியில். கம்ப்யூட்டர் வராத காலம். பிலிமில் இருக்கும் ஊசிமுனை ஓட்டைகளைச் சிவப்பு மை தொட்டு அடைக்கிற வேலைக்கு எங்களைப் போன்ற பெண்களைத்தான் உட்கார வைப்பார்கள். சாமி படத்துக்கு அடுத்தபடியாக அங்கே காலண்டரில் அதிகம் ஓடியது அருவி சீனரி. அருவி என்றால் எங்களுக்கு ஒரே சட்டம்தான். தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக இருக்க வேண்டும், வானம் சொட்டு நீலத்தைக் கரைத்து ஊற்றியது மாதிரி இருக்க வேண்டும். நடுவில் ஒரு புள்ளி, ஒரு கீறல் தெரிந்தால் போர்மேன் ஷீட்டைச் சுருட்டி எறிவார். "சுத்தமா இருக்கா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி, கடைசிக் கேள்வியும் அதுதான்.

அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்து இறங்கினால், ஊர் முழுக்கத் தூசி. மணல்காற்று அடித்த வாரத்தில் எந்த ஸ்கேனைத் திறந்தாலும் ரவையைத் தூவியது மாதிரி புள்ளிகள். கண் பார்ப்பதற்கு முன்பே கை துடைக்கத் தொடங்கிவிடும். மற்ற பிரஸ்காரர்கள் தங்களால் முடியாத படங்களை எங்களிடம் அனுப்பிச் சுத்தம் செய்து வாங்கிப் போவார்கள். 'பேச்சியக்கா டிபார்ட்மென்ட்' என்றால் துபாய் வரைக்கும் பேர். அதில் எனக்குப் பெருமைதான், இன்றைக்கும் பெருமைதான்.

எங்களில் மிகச் சிறந்த கை ஒருவனுடையது. பெயரை மாற்றித்தான் சொல்லப்போகிறேன், செல்வம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன், இவன் என்று எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டான், எனக்குத் தம்பி மாதிரி. அவனும் எங்கள் சிவகாசிப் பக்கம்தான். அப்பா கல்யாணப் பத்திரிகை அடிக்கிற சின்ன பிரஸ் வைத்திருந்தார். அங்கே காலால் மிதித்து ஓட்டுகிற மெஷினில் ஒவ்வொரு கார்டாகக் கையால் வைத்து எடுத்துப் பழகியவன். மௌஸைப் பிடித்தாலும் அதே நிதானம் இருக்கும். ஒரு முகத்தில் கண்ணுக்குக் கீழே கருவளையத்தை எடுத்தான் என்றால், எடுத்த இடம் தெரியாது.

அந்தக் கைதான் அவனுக்கு வினையாகவும் வந்தது. ஒரு கம்பெனியின் ஆண்டு மலருக்கு முதலாளியின் படம் வந்தது. கன்னத்தில் கறுப்பாக ஒரு புள்ளி. செல்வம் துடைத்துவிட்டான். அது தூசி இல்லை, மச்சம். மலர் அச்சாகிப் போன பிறகு அந்த முதலாளியின் மனைவி படத்தைப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டாராம். மொத்தமும் திரும்பி வந்தது. எங்கள் மேனேஜர் பாலக்காட்டுக்காரர். நம்மை மாதிரியே தமிழ் பேசுவார், திட்டும்போது மட்டும் நம்மைவிடத் திருத்தமாக வரும். "செல்வம், இனி ஒரு தடவை இப்படி நடந்தால் நான் பேசமாட்டேன். டிக்கெட் பேசும்," என்றார். அப்போதுதான் செல்வம் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஊரிலிருந்து கூட்டி வந்திருந்தான். பிள்ளைகளை சார்ஜாவில் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, யூனிபார்ம் வாங்கி, அதன் மடிப்புக்கூடக் கலைந்திருக்காது. வேலை போனால் நாலு பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இந்த நிலைமையில்தான் அருவி வந்தது.

துறைமுக ஊரான புஜைராவில் ஒரு எமிராத்திப் பெரியவர், இந்த நாட்டுக்காரர், இருந்தார். கப்பல்களுக்கு எண்ணெய், தண்ணீர், சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிற தொழிலில் தலை நரைத்தவர். நல்ல ஹிந்தி பேசுவார், எல்லாரும் 'பாபா' என்றுதான் கூப்பிடுவோம். இளவயதில் அவருக்கு ஒரு ஜப்பான்காரக் கப்பல் கேப்டன் நண்பராம். அந்தக் கேப்டன் கொடுத்தது ஒரு மரக்கட்டை அச்சுப் படம், அருவிப் படம். அதே அளவில், அதே நிறத்தில் நகல் எடுத்து, வேண்டியவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று பாபா ஆசைப்பட்டார். கேப்டன் காலமாகிவிட்டார். அவருடைய மகள் ஜப்பானிலிருந்து வருகிறாள், அச்சு ஓடி முடிந்த மறுநாளே பாபா வீட்டு மஜ்லிஸில், விருந்தாளிகளை உட்கார வைக்கிற கூடத்தில், அவள் கையில் முதல் பிரதி போக வேண்டும். துபாயில் ஒரு டிசைனர் பெண் படத்தை ஸ்கேன் எடுத்து எங்களுக்கு அனுப்பினாள். செல்வம் சுத்தம் செய்தான். டிசைனர் மாதிரி அச்சான புரூப்பைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

அச்சு ஓடுகிற அன்று காலையில் பாபா ஒரிஜினலைத் தானே காரில் கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார். நிறம் ஒப்பிட வேண்டும் என்று டிசைனர் கேட்டிருந்தாளாம். "யே அமானத் ஹை, பஹன்," என்றார். அடைக்கலப் பொருள், சகோதரி. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரிஜினலை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். அதுவரை திரையில் பார்த்தது வேறு, இது வேறு. நாம் நாலு பிளேட்டில் எல்லா நிறத்தையும் கொண்டுவருகிறோம். ஜப்பான்காரர்கள் நிறத்துக்கு ஒரு மரக்கட்டை செதுக்கி, ஒவ்வொன்றாக மை தடவி, தாளை மேலே வைத்து, பின்பக்கம் கையால் தேய்த்து எடுப்பார்களாம். ஒவ்வொரு கட்டையின் மூலையிலும் தாளை முட்டி நிறுத்த ஒரு வெட்டு இருக்கும் என்று டிசைனர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறத்துக்கு மேல் நிறம் விலகாமல் உட்கார நாம் போடுகிற அதே ரிஜிஸ்டர் மார்க்! எத்தனை தலைமுறைக்கு முன்னால் எந்தத் தேசத்தில் உட்கார்ந்திருந்தாலும் அச்சுக்காரனுக்குக் கவலை ஒன்றுதான்போலிருக்கிறது.

வானம் மேலே கருநீலம், இறங்க இறங்க வெளுத்துப் போகிறது. அது கட்டையில் இல்லை, மை தடவுகிறவன் ஈரத்துணியால் ஒவ்வொரு தடவையும் துடைத்துக் கொண்டுவருவது. அந்த நீலம்கூட ஜப்பானில் பிறந்ததில்லையாம், கப்பலேறி வந்த சரக்காம். நம்மளை மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். வானத்துக்குள்ளே மரத்தின் ரேகை லேசாக ஓடியது. அருவியின் உச்சியில் வைக்கோல் புரி ஒன்று குறுக்கே கட்டியிருந்தது. அது சாமி இருக்கிற இடம் என்பதற்கு அடையாளமாம், நம் கோயில் வாசலில் மாவிலைத் தோரணம் கட்டுகிற மாதிரி. தண்ணீருக்கு அவர்கள் வெள்ளை மையே போடவில்லை. தண்ணீர் வரவேண்டிய இடத்தில் மரத்தைச் செதுக்கி எடுத்துவிடுகிறார்கள், அங்கே தாள் தாளாகவே நின்றுவிடுகிறது. அவ்வளவு பெரிய அருவியும் ஒன்றும் அச்சடிக்காத இடம்தான். சிவகாசியில் நாங்கள் பால் ஊற்றிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது.

கீழே பாறையில் எறும்பு அளவுக்கு இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவன் தலையை அண்ணாந்து வாயைப் பிளந்திருக்கிறான். இன்னொருவன் கையை நீட்டி எதையோ காட்டுகிறான். புரூப் எடுத்த அன்றைக்கே நான் கேட்டிருந்தேன்.

"செல்வம், கீழ நிக்கிறவன் எதைடா காட்டுறான்?"

"தண்ணி எம்புட்டு வருதுன்னு காட்டுறான்க்கா. குத்தாலத்துல சீசன் நேரத்துல எல்லாரும் இப்படித்தான நிப்பாக."

சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். ஆனால் அந்த விரல் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. வாயைப் பிளக்கிற அளவுக்கு அந்த வெள்ளைத் தண்ணீரில் என்ன இருக்கிறது?

மெஷின் ஓடத் தொடங்கியது. மெஷின்காரர் பெஷாவர்க்காரர், கான் பாய். கெட்டிக்காரர். முதல் ஷீட்டை எடுத்துப் பார்த்தால் நீலம் பிரமாதம், ரேகை பிரமாதம், அருவி மட்டும் செத்துக் கிடந்தது. எனக்கே காரணம் தெரியவில்லை. மையின் அடர்த்தியை அளந்தேன், சரி. ரிஜிஸ்டர், சரி. கான் பாய் கண்ணால் கேட்டார், ஓடட்டும் என்று தலையாட்டினேன். ஷீட்டுகள் அடுக்கிக்கொண்டே போயின. எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரிஜினலை அட்டையோடு தூக்கிக்கொண்டு மெஷின் பக்கத்துக்கே வந்தேன்.

சரக்கு ஏற்றுகிற ஷட்டர் பாதி திறந்திருந்தது. வெயில் பக்கவாட்டில் உள்ளே விழுந்தது. நான் நடந்து வரும்போது அந்த வெளிச்சம் ஒரிஜினலின் மேல் சாய்வாகப் பட்டது. அருவியின் நடுவில் ஒரு பள்ளம்.

அமானத் என்று சொல்லிக் கொடுத்த பொருள்! யார் நகம் பட்டது, எந்த மேஜையின் விளிம்பு இடித்தது? அடிப்பாவி, நான்தான் தூக்கும்போது அழுத்திவிட்டேனா? உற்றுப் பார்க்க அட்டையை இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். சாய்ந்ததும் பள்ளத்துக்கு ஒரு வால் வந்தது. பிறகு துடுப்பு. பிறகு வரிசையாகச் செதில்.

மீன்! நல்ல பெரிய கெண்டை மீன், கொட்டுகிற தண்ணீரை எதிர்த்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு மை கிடையாது. செதுக்கிய கட்டையில் மை தடவாமல் தாளை அழுத்தியே அந்த மீனைப் படைத்திருக்கிறார்கள். நேராகப் பார்த்தால் வெறும் தாள், சாய்த்துப் பார்த்தால் மீன். கீழே நிற்கிறவன் நீட்டிய விரல் நேராக அதன் தலைக்குப் போனது.

எங்கள் ஷீட்டில் அந்த இடம் பால் மாதிரி சுத்தமாக இருந்தது.

"கான் பாய், பந்த் கரோ!" என்று கத்தினேன். அவர் காரணம் கேட்கவில்லை, சிவப்புப் பொத்தானைக் குத்தினார். பிள்ளைகளா, இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் முதலில் மெஷினை நிறுத்து, அப்புறம் யோசி. யோசித்துவிட்டு நிறுத்தலாம் என்று நிற்கிறவன் யோசித்துக்கொண்டே இருப்பான், தாள் போய்க்கொண்டே இருக்கும். அன்றைக்கு நான் கத்தியபோதே தாள் ஏறக்குறைய முடிந்துவிட்டிருந்தது.

செல்வத்தைக் கூப்பிட்டு, ஷட்டர் வெளிச்சத்தில் காட்டினேன். அவன் ஒரிஜினலையும் ஷீட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"அக்கா, ஸ்கேன்ல அந்த எடத்துல சாம்பலா ஒரு அழுக்கு மாதிரி இருந்துச்சு. கைத்தடம்னு நெனச்சு எடுத்துட்டேன். சத்தியமா மீனுன்னு தெரியாதுக்கா."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும்."

"அந்த டிசைனர் பொண்ணுக்கும் தெரியல. கையெழுத்துப் போட்டுருச்சு. அக்கா... யாருக்கும் தெரியாதுக்கா. மேனேஜர் டிக்கெட் போட்ருவாரு. புள்ளைக இப்பதான ஸ்கூலுக்குப் போகுதுக."

அவன் கெஞ்சினதைக் குறையாக நான் எழுதவில்லை. அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் அப்படித்தான் கெஞ்சியிருப்பேன். எனக்கும் ஒரு நிமிடம் ஆட்டம் கண்டது. கையெழுத்து இருக்கிறது, யாரும் நம்மைக் கேட்க முடியாது. ஆனால் அந்த எறும்பு அளவு மனிதன் வெறும் தண்ணீரைக் காட்டிக்கொண்டு நிற்பான், அவன் பக்கத்தில் இருப்பவன் ஒன்றுமில்லாததைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்பான். காலாகாலத்துக்கும். அதை நினைத்தால் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அச்சுக்காரனை அச்சுக்காரன் ஏமாற்றுவதா?

"ஒரிஜினல் ஸ்கேன் வச்சிருக்கியா, அழிச்சிட்டியா?"

"லேயர் அப்படியே இருக்குக்கா."

"அப்ப போய்த் தொற. அழுறத அப்புறம் அழுதுக்கலாம்."

அந்தப் பழக்கம் எங்கள் டிபார்ட்மென்டில் நான் போட்ட சட்டம். எவ்வளவு துடைத்தாலும் மேல்லேயரில் துடை, அடியில் இருப்பதைத் தொடாதே. அன்றைக்கு அதுதான் எங்களைக் காப்பாற்றியது. செல்வம் பழைய லேயரைத் திறந்து, அந்தச் சாம்பல் நிற அழுக்கை மட்டும் எடுத்து, கறுப்பைக் கறுப்பாகவும் வெள்ளையை வெள்ளையாகவும் இழுத்துக்கொண்டே போனான். திரையில் மீன் மெல்ல எழுந்து வந்தது. அவன் மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"யக்கா... மீசைகூட இருக்குக்கா," என்றான்.

அப்போது மேனேஜர் வந்துவிட்டார். மெஷின் சத்தம் நின்றால் அவருக்குத் தூக்கத்தில்கூட முழிப்பு வந்துவிடும். ஒரிஜினலைக் காட்டினேன், ஷீட்டைக் காட்டினேன். இரண்டையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"யாரு கிளீன் பண்ணினது?"

"பிரீபிரஸ்."

"பேச்சி மேடம், பிரீபிரஸ்ல யாரு?"

"டிபார்ட்மென்ட் என் பேர்லதான சார் இருக்கு? என்னையக் கேளுங்க. ஆனா சாயங்காலம் கேளுங்க. இப்ப எனக்கு வேலை இருக்கு."

அவருக்குத் தெரியாதா என்ன, செல்வம் நின்ற நிலையைப் பார்த்தாலே போதுமே. "புரூப் சைன் ஆயிருக்கு. நாளைக்கு நிகழ்ச்சி. மறுபடி அடிக்கத் தாள் இல்லை, இது இந்த வேலைக்கென்றே வரவழைத்தது. கலாஸ், முடிந்தது முடிந்ததுதான், இப்படியே போகட்டும்," என்றார். அவர் சொன்னதும் அநியாயமில்லை. பொறுப்பில் இருக்கிறவர் அப்படித்தான் பேச வேண்டும்.

"மறுபடி அடிக்க வேண்டாம் சார். அந்த மீனுக்கு மையே கிடையாது. கல்யாணப் பத்திரிகையில பிள்ளையாரை எப்படி எழுப்புறோம்? எம்போஸ்தான? அடிச்ச ஷீட்லயே மீனை எழுப்பிருவோம்."

அவர் என்னைப் பார்த்தார். பைண்டிங் பக்கம், ஈத் வாழ்த்து அட்டைகளுக்கும் பெர்ஃப்யூம் பெட்டிகளுக்கும் வைத்திருந்த பழைய கைமெஷின் ஒன்று உறையோடு கிடந்தது. அதைப் பார்த்தார்.

"அது பஞ்சு மாதிரித் தாள். கிழிஞ்சா?"

"கிழியலாம்."

"ஒரு மயிரிழை விலகினாலும் அவன் மீனுக்குப் பக்கத்துல எதையோ காட்டிட்டு நிப்பான்."

"நிப்பான். அதனாலதான் ஷீட் வைக்கிறது வேற யாரும் இல்ல, செல்வம் வைக்கிறான்."

தப்பு செய்த கையிலேயே திருத்துகிற வேலையைக் கொடுப்பது இரக்கத்துக்காக இல்லை. அந்தக் கட்டடத்தில் அந்த வேலையைச் செய்யக்கூடிய கை அது ஒன்றுதான். நெருக்கடியில் யார்மேல் கோபம் என்று பார்க்காதீர்கள், யாருக்கு வேலை தெரியும் என்று பாருங்கள்.

மேனேஜர் கையை விரித்தார். "பாபா வர்றதுக்குள்ள," என்றார்.

செல்வம் வரைந்த மீனை எடுத்துக்கொண்டு கம்பெனி டிரைவர் பக்கத்துத் தெருவுக்கு ஓடினார். அங்கே தங்க எழுத்து ஃபாயில் அடிக்கிறதுக்கு உலோகக் கட்டை செய்கிற கடைக்காரர் எங்களுக்குப் பழக்கம், கையோடு செய்து கொடுத்தார். அதற்குள் செல்வம் கைமெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு, ஷீட் முட்டி நிற்க மூலையில் தடுப்பு வைத்தான். ஜப்பான்காரன் கட்டையில் வெட்டிய அதே மூலை. முதல் ஷீட்டை அழுத்தினான். மீன் எழுந்தது, வால் கிழிந்தது.

செல்வம் மெல்லிய தாள் ஒன்றை நுனிவிரலால் கிழித்து, அழுத்தம் சமமாக விழுவதற்காகக் கட்டைக்கு எதிர்ப்பக்கம் ஒட்டினான். இன்னொரு ஷீட். இப்போது வால் கிழியவில்லை, செதில் விழவில்லை. மறுபடி கொஞ்சம் தாள், மறுபடி கொஞ்சம் பசை. அவன் அப்பாவின் பிரஸில் பத்திரிகை வைத்த கை, அவனுக்கே மறந்துபோயிருந்த கை, ஒவ்வொரு ஷீட்டாகத் திரும்பி வந்தது. கடைசியில் ஒன்றை எடுத்துச் சாய்த்துப் பார்த்தான். என்னிடம் நீட்டினான். மீன் தண்ணீரில் ஏறிக்கொண்டிருந்தது. கீழே இருந்தவன் விரல் நேராக அதன் தலையைக் காட்டியது. அருவிக்கு உயிர் வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன், அதில் என்ன வெட்கம்?

"யல்லா, ஓட்டு," என்றேன்.

ஒருபக்கம் மீன் ஏறாத அடுக்கு, மறுபக்கம் மீன் ஏறிய அடுக்கு. பாதிக்கு மேல் ஏறியிருக்கும், கதவைத் திறந்துகொண்டு பாபா உள்ளே வந்தார். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். மேனேஜர் சாயா கொண்டுவரச் சொல்லி அவரை ஆபீஸுக்குத் திருப்பப் பார்த்தார். அவர் காதில் வாங்கவில்லை. நேராக வந்து, பக்கத்தில் இருந்த அடுக்கிலிருந்து ஒரு ஷீட்டை எடுத்தார். அது மீன் ஏறாத அடுக்கு.

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "மாஷா அல்லாஹ்," என்றார். நீலத்தைத்தான் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். கண்ணை மூடிக்கொண்டார். வலதுகை ஆள்காட்டி விரலை அருவியின் அடியில் வைத்து மெதுவாக மேலே கொண்டுபோனார். உச்சியில் இருந்த வைக்கோல் புரி வரைக்கும் விரல் வழுக்கிக்கொண்டே போய்விட்டது. கண்ணைத் திறந்தார். கோபம் இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி சொல்லாமல் போய்விட்ட மாதிரி ஒரு முகம். அந்த ஷீட்டை அடுக்கில் பதமாகத் திரும்ப வைத்தார்.

அவருக்குத் தெரியும். எத்தனையோ வருடமாகத் தெரியும். எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. மெஷின் எல்லாவற்றையும் அப்படியே பிடித்துவிடும் என்று நம்பியிருந்தார்.

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன்: "பாபா, அதுல மீன் இன்னும் ஏறல. இந்தப் பக்கம் ஏறிக்கிட்டு இருக்கு."

அவர் என்னையே பார்த்தார். செல்வம் மெஷினிலிருந்து அப்போதுதான் எடுத்த ஷீட்டை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினான். பாபா அதை மேஜையில் விரித்தார். மறுபடி கண்ணை மூடினார். விரல் அருவியில் ஏறியது. பாதி வழியில் நின்றது.

விரல் அங்கேயே நின்றது. அவர் உதடு மட்டும் அசைந்தது. எங்களுக்குப் புரியாத மொழியில் ஒரு பெயரைச் சொன்னார்.

பிறகு உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டே சொன்னார். அந்தக் கேப்டன் படத்தைக் கொடுத்த அன்று, இதில் ஒரு மீன் இருக்கிறது, கண்ணைத் திறந்துகொண்டு தேடாதே என்று சொல்லி, இவர் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினாராம். அந்த அருவியை ஏறி முடிக்கிற மீன் டிராகனாக மாறிவிடும் என்பது அவர்கள் நாட்டுக் கதை. "அப்போது எனக்கு ஒரே ஒரு பழைய படகுதான். மீன் இன்னும் பாதி வழியில்தான் இருக்கிறது, நீயும் ஏறு என்றான்," என்றார். பிற்பாடு விவரம் தெரிந்தவர்கள், பழைய தாளை விரலால் தொடக்கூடாது, வீணாகிவிடும் என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு அவர் தொடவில்லை. தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு பிரதி வேண்டும் என்றுதான் இந்த வேலையையே கொடுத்திருக்கிறார்.

"டிசைனர் சொல்லலையே பாபா," என்றார் மேனேஜர்.

"அவளிடம் நான் சொல்லவில்லையே," என்று சிரித்தார் அவர். "உங்களிடமும் சொல்லவில்லை. நீங்களாகவே கண்டுபிடித்தீர்கள்."

செல்வம் தலையைக் குனிந்துகொண்டான். சொல்லிவிடப் போகிறான் என்று தெரிந்தது, சொல்லியும்விட்டான். "பாபா, நான்தான் தூசின்னு நெனச்சு அதைத் துடைச்சேன்." அரைகுறை ஹிந்தி, ஆனால் தெளிவாகச் சொன்னான். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

பாபா அவன் விரல்களைப் பார்த்தார். பசையும் எண்ணெயும் அப்பியிருந்தது. "துடைத்தவன் ஊருக்குப் போயிருந்தால் இதை ஏற்றியது யார்?" என்று கேட்டார். கேட்டது செல்வத்தை இல்லை, மேனேஜரை. எல்லாம் முடியும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்து, ஒவ்வொரு ஷீட்டாக மீன் ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். கேப்டன் மகளுக்கான பிரதியை அவரே தேர்ந்தெடுத்தார். ஒன்றை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார், அதுதான் ஜன்னலோரம் மாட்டியிருப்பது.

சாயங்காலம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். காலையில் நான் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது. "இப்ப கேட்கலாமா?" என்றார்.

"கேளுங்க சார்."

"இனிமேல் தூசியைத் துடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை சாய்ச்சுப் பார்க்கச் சொல்லுங்க," என்றார். அவ்வளவுதான். டிக்கெட்டைப் பற்றி அதன் பிறகு அவர் வாயைத் திறந்ததே இல்லை. செல்வத்தின் பிள்ளைகள் இங்கேயே படித்தார்கள். பெரியவள் இப்போது சார்ஜாவில்தான் டீச்சர்.

எத்தனையோ வேலை செய்திருக்கிறேன். பளபளவென்று அச்சடித்துக் கொடுத்த எதுவும் இப்போது நினைவில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு மீனை ஒரு கூட்டத்தின் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தோம் என்பதுதான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்ல எனக்கு மிச்சம் இருப்பது.

அவன் பெயர் செல்வம் இல்லை என்று சொன்னேன் அல்லவா? காலையில் நீங்கள் ஃபைலைத் திறந்ததும், ஒரு புள்ளியைத் தொடுவதற்கு முன்பு, "இரு, இரு, என்னன்னு பாரு!" என்று நாற்காலியிலிருந்து கத்துகிறாரே, உங்கள் சார், அவர்தான். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதினேன். "எழுதுங்கக்கா, என்னைய நல்லாத் திட்டி எழுதுங்க," என்றார். அவன் என்று நான் எழுதியது இந்தப் பக்கத்தோடு முடிந்தது.

நாளைக்கு அஸர் நேரத்தில், வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து வரும்போது, அந்தப் படத்துக்குப் பக்கவாட்டில் போய் நின்று பாருங்கள். தெரியவில்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு அருவியின் அடியிலிருந்து விரலை மேலே கொண்டுபோங்கள். தொடலாம், தொடுவதற்காகத்தான் கண்ணாடி போடவில்லை. கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள்.